குளிர்காலப் பேய்க்கதையில் பிள்ளைகளை எவ்வளவு பயமுறுத்தலாம்?

நீங்கள் மூன்று கேள்விகள் கேட்டிருக்கிறீர்கள். ஆங்கிலேயர் பேய்க்கதையைக் குளிர்காலத்தோடு ஏன் முடிச்சுப் போட்டார்கள், பனி பொழிவதைப் பார்த்தே இராத நீங்கள் அப்படியொரு கதையை ஆறாம் வகுப்புப் பிள்ளைகளுக்காக எழுதலாமா, எழுதினால் எந்த அளவுக்குப் பயமுறுத்தலாம் என்பவை அவை. இங்கிலாந்தின் யார்க்ஷயரில் ஒரு பழைய வீடு, கிறிஸ்துமஸுக்கு முந்தைய இரவு, ஜன்னலுக்கு வெளியே நின்று மங்கிய கண்ணாடியில் விரலால் எழுதும் ஒரு பெண் என்று முதல் காட்சியையும் இரண்டு வரிகளில் சொல்லியிருக்கிறீர்கள். மூன்றாவது கேள்விக்குள் இன்னொரு கேள்வி ஒளிந்திருப்பதாக எனக்குப் படுகிறது. வகுப்பில் நாற்பது பேரோடு உட்கார்ந்து சிரித்துக்கொண்டே கேட்ட குழந்தை, இரவில் தனியாகப் படுக்கும்போது அடையும் பயத்துக்கு யார் பொறுப்பு? உங்களை உண்மையில் அரிப்பது அதுதான் என்று எடுத்துக்கொண்டே பதில் எழுதுகிறேன். நான் இருபத்திரண்டு ஆண்டுகள் பள்ளி நூலகராக இருந்தவன். வெள்ளிக்கிழமை கடைசிப் பாடவேளையில் ஐந்து, ஆறு, ஏழாம் வகுப்புகளுக்குக் கதை வாசித்துக் காட்டுவது என் வேலையில் ஒரு பகுதியாக இருந்தது. குழந்தைகளின் மனநலத்தை முறையாகப் படித்தவன் அல்லன். ஆகவே கதையைப் பற்றி நான் சொல்வதை உறுதியாகவும், குழந்தையைப் பற்றிச் சொல்வதை ஒரு வாசிப்பாளனின் அனுபவமாகவும் கொள்ளுங்கள்.

குளிர்காலப் பேய்க்கதையைத் தொடங்கி வைத்தவர் சார்லஸ் டிக்கன்ஸ் என்று பலரும் எழுதுகிறார்கள். அது சரியல்ல. அவருடைய ‘எ கிறிஸ்மஸ் கேரல்’ 1843 டிசம்பர் 19 அன்று வெளியாகி, கிறிஸ்துமஸுக்கு முந்தைய நாளுக்குள் முதல் அச்சான 6,000 படிகளும் விற்றுத் தீர்ந்தன என்பதும், அதன் பிறகு இதழ்களின் கிறிஸ்துமஸ் சிறப்பிதழ்களில் பேய்க்கதை இடம்பெறுவது வழக்கமாயிற்று என்பதும் உண்மை. ஆனால் அதற்கு இருநூறு ஆண்டுகளுக்கும் முன்னால், 1611இல் மேடையேறிய ‘குளிர்காலக் கதை’ நாடகத்திலேயே ஷேக்ஸ்பியர் இந்த வழக்கத்தை எல்லாரும் அறிந்த ஒன்றாகக் கையாள்கிறார். அரசி தன் சிறு மகன் மமிலியஸிடம் ஒரு கதை சொல்லச் சொல்கிறாள். குளிர்காலத்துக்குச் சோகக் கதைதான் பொருத்தம், என்னிடம் பேய்பிசாசுக் கதை ஒன்று இருக்கிறது என்கிறான் அவன். கல்லறைத் தோட்டத்துக்கு அருகில் ஒரு மனிதன் குடியிருந்தான் என்று தொடங்கி, அங்கிருக்கும் சில்வண்டுகளுக்குக்கூடக் கேட்காதபடி மெதுவாகச் சொல்கிறேன் என்று தாயின் காதருகே போகிறான். அதற்குள் சந்தேக வெறி பிடித்த அரசன் உள்ளே வந்துவிடுகிறான். கதை அங்கேயே அறுந்துபோகிறது. பின்னால் அந்தச் சிறுவனும் இறந்துபோகிறான். ஒரு சிறு பிள்ளைதான் ஆங்கில இலக்கியத்தின் மிகப் பெயர் பெற்ற குளிர்காலக் கதைசொல்லி என்பதை நான் மறப்பதே இல்லை. இந்த வழக்கத்தின் வேர் கிறிஸ்தவத்துக்கு முந்தைய நடுக்குளிர்காலச் சடங்குகளில் இருக்கிறது என்றும் சொல்கிறார்கள். கேட்க அழகாக இருக்கிறது. ஆனால் அதை ஊகம் என்ற அளவில் நிறுத்திக்கொள்வது நல்லது, வகுப்பில் வரலாறாகச் சொல்ல வேண்டாம்.

சடங்கை விட்டுவிட்டு வானத்தைப் பார்த்தால் காரணம் எளிதாகவே புரியும். டிசம்பர் 21ஆம் நாள் வாக்கில் லண்டனில் பகல் எட்டு மணி நேரம்கூட இருப்பதில்லை. மாலை நான்கு மணிக்கு முன்பே சூரியன் மறைந்துவிடுகிறது. யார்க்ஷயர் இன்னும் வடக்கே இருப்பதால் அங்கே பகல் இன்னும் குறைவு. பள்ளி விட்டு வரும் பிள்ளை இருட்டில்தான் வீடு சேரும். மின்விளக்கு வருவதற்கு முந்தைய காலத்தில் கணப்பு எரிந்த ஓர் அறையில்தான் குடும்பம் முழுவதும் கூடியிருக்கும். படுக்கையறைக்குப் போக வேண்டுமென்றால் மெழுகுவத்தியை ஏந்திக்கொண்டு குளிர்ந்த நடைவழியைத் தாண்ட வேண்டும். கணப்பிலிருந்து படுக்கைவரை உள்ள அந்த இருபது தப்படிதான் பேய்க்கதையின் நிலம்.

நம் மரபில் பேய் குடியிருப்பது நேர் எதிரான பருவத்தில். தொல்காப்பியம் பாலைக்கு நண்பகலையும் வேனிலையும் பொழுதாக வைக்கிறது. கலிங்கத்துப்பரணியில் காளியின் பேய்கள் வாழ்வது வெயிலில் வெந்து வெடித்த காட்டில். உச்சிவேளையில் புளியமரத்தடிக்குப் போகாதே என்று நம் வீட்டுப் பாட்டிகள் அதட்டியதும் அதே வெக்கையின் தொடர்ச்சிதான் என்பது என் எண்ணம். இதை இங்கே சொல்லக் காரணம் உண்டு. உங்கள் மாணவர்களுக்குக் குளிர் என்றால் பயம் என்று உடம்பில் பதிந்திருக்காது. பனி என்ற சொல்லே நமக்கு மார்கழிக் கோலத்தின் மேல் இறங்கும் ஈரத்தைத்தான் நினைவூட்டும். ‘பனி பொழிந்தது’ என்று எழுதிவிட்டுப் போனால் அவர்களுக்கு ஒன்றும் நேராது. அந்தப் பனி என்னென்ன செய்யும் என்பதைக் காட்டியாக வேண்டும்.

பனியைப் பார்க்காதது ஒரு குறையே அல்ல. அது செய்யும் வேலைகளைத் தெரிந்துகொண்டால் போதும். புதிதாக விழுந்த பனி, இடையிடையே காற்று தேங்கிய பொத்தல் பொருள். அது ஒலியை உறிஞ்சிக்கொள்ளும். ஆகவே பனி பெய்த காலையில் தெரு வழக்கத்துக்கு மாறாக அடங்கிக் கிடக்கும். அதே பனி இறுகி மேலே ஓடு கட்டிவிட்டால் ஒலியைத் திருப்பி அனுப்பும்; தொலைவில் நடப்பவரின் காலடிகூடப் பக்கத்தில் கேட்பதுபோல் இருக்கும். ஒரே கதைக்குள் முதல் இரவில் அமைதியையும் இரண்டாம் இரவில் நொறுங்கும் காலடியையும் வைத்துவிட்டால், பேயைப் பற்றி ஒரு சொல்லும் சொல்லாமலேயே பயம் ஒரு படி ஏறிவிடும். இவை எல்லாவற்றையும்விட முக்கியம், பனி தடத்தைப் பதித்து வைத்துக்கொள்ளும். வாசல் வரை வந்து, திரும்பிப் போகாத ஒரு காலடித் தடத்துக்கு விளக்கமே தேவையில்லை.

இதற்கு ஓர் உண்மை நிகழ்ச்சியைப் பிள்ளைகளிடம் சொல்லலாம். நான் சொல்லிப் பார்த்திருக்கிறேன், யாரும் அசைய மாட்டார்கள். 1855 பிப்ரவரி 8ஆம் நாள் இரவு இங்கிலாந்தின் டெவன் பகுதியில் பனி கொட்டியது. விடிந்தபோது எக்ஸ் ஆற்றின் கழிமுகத்தை ஒட்டிய ஊர்களில், சிறு குளம்புபோன்ற தடங்கள், ஏறத்தாழ நான்கு அங்குல நீளம், எட்டு அங்குல இடைவெளி, ஒன்றன்பின் ஒன்றாக ஒற்றை வரிசையில் போயிருந்தன. தோட்டச் சுவரின் இந்தப் பக்கம் நின்று அந்தப் பக்கம் தொடர்ந்தன என்றும், கூரைகளின் மேலும் இருந்தன என்றும் அன்றைய செய்தித்தாள்கள் எழுதின. சாத்தானின் காலடி என்று பேச்சு கிளம்பி, மக்கள் இருட்டிய பிறகு வெளியே வர அஞ்சினார்கள். தடங்களைப் பலர் பார்த்தார்கள் என்பதுவரை உறுதி. ஒரே உயிரினம் ஒரே இரவில் நூறு மைல் நடந்தது என்பது உறுதியல்ல. அந்தத் தொலைவு முழுவதையும் தொடர்ந்து பின்பற்றிச் சென்றவர் எவரும் இல்லை, ஊருக்கு ஊர் கிடைத்த தகவல்களைக் கோத்துத்தான் அந்தக் கணக்கு வந்தது. கழுதை, எலி, வளை தோண்டும் பேட்ஜர் என்ற விலங்கு என்று பலவும் காரணமாகச் சொல்லப்பட்டன. பகலில் சற்றே உருகி இரவில் மறுபடி உறையும் பனி, ஒரு பூனைத் தடத்தைக்கூட வேறு வடிவமாக்கிவிடும். ஊர்ப் பாதிரியார் ஒருவர், மக்கள் மனத்திலிருந்து சாத்தானை எடுப்பதற்காகவே, தப்பிய கங்காருவாக இருக்கலாம் என்ற கருத்தை அவர்களிடம் எடுத்துச் சொன்னார். பெரியவர்கள் பயத்தை எப்படி ஆற்றுகிறார்கள் என்பதற்கு இதைவிட நல்ல எடுத்துக்காட்டு எனக்குக் கிடைத்ததில்லை. பிள்ளைகள் கங்காருவைக் கேட்டுச் சிரிப்பார்கள். சிரித்து முடித்ததும் சுவரைப் பற்றித்தான் மறுபடி கேட்பார்கள்.

இனி அளவு. நீங்கள் வாசித்துக் காட்டப்போவதால், திடுக்கிட வைத்து முடியும் பழைய கதைவகையை முதலில் நினைத்துப் பாருங்கள். இறந்த மனைவியின் பொற்கையைத் தோண்டி எடுத்துவந்த கணவனைத் தேடி அவள் வருகிறாள். என் பொற்கை யாரிடம் என்று கேட்டுக்கொண்டே நெருங்குகிறாள். கடைசியில் உன்னிடம்தான் என்று கதைசொல்லி, கேட்பவர்களில் ஒருவர்மேல் பாய்கிறார். மார்க் ட்வெயின் இதை மேடையில் சொல்லிப் பெயர் வாங்கியவர். கடைசிச் சொல்லுக்கு முன் விடும் இடைவெளிதான் கதையின் உயிர் என்று 1895இல் எழுதினார். அது ஒரு நொடி கூடினாலும் குறைந்தாலும் வேலை கெட்டுவிடும். மமிலியஸ் முடிக்காமல் விட்ட கதையைக்கூட, ஈட்டன் பள்ளியின் தலைவராக இருந்த பேய்க்கதை எழுத்தாளர் எம். ஆர். ஜேம்ஸ் 1924இல் அப்பள்ளி மாணவர் இதழ் ஒன்றுக்காக இதே முறையில்தான் முடித்து வைத்தார்: சிறுவன், கேட்டுக்கொண்டிருந்த பணிப்பெண்களில் இளையவள்மேல் அலறிக்கொண்டு பாய்கிறான், அவளும் பதிலுக்கு அலறுகிறாள். இந்த வகைக் கதை பிள்ளைகளுக்குத் தீங்கு செய்து நான் பார்த்ததில்லை. பயம் உச்சத்துக்குப் போன அதே கணத்தில் கூச்சலாக வெளியேறிவிடுகிறது. வீட்டுக்குக் கொண்டுபோக ஒன்றும் மிஞ்சுவதில்லை. ஒரே ஒரு முறை தவறு செய்தேன். முன்வரிசையில் மிகவும் அமைதியாக இருந்த பெண்மேல் பாய்ந்தேன், அவள் அழுதுவிட்டாள். பாய வேண்டுமென்றால் வகுப்பிலேயே பெரிய வாயாடியாகப் பார்த்துப் பாயுங்கள்.

ஆனால் நீங்கள் எழுத நினைப்பது மெல்ல ஏறும் கதை. அங்கே சிக்கல் வேறு. அதே ஜேம்ஸ், நல்ல பேய்க்கதையில் பேய் கெட்டதாக இருக்க வேண்டும், உதவி செய்யும் ஆவிகளுக்குத் தன் கதைகளில் இடமில்லை என்று 1911இல் எழுதினார். பெரியவர்களுக்கு அது சரி. பத்து வயதுக்கு அந்த விதியை அப்படியே எடுத்துக்கொண்டால், கதை முடிந்த பின்னும் கெட்டது வெளியில் உலாவிக்கொண்டே இருக்கும். என் அனுபவம் ஒன்றைச் சொல்கிறேன், இது முழுக்க என் சொந்த முடிவு: பேய்க்கு ஒரு தேவை இருக்க வேண்டும், அந்தத் தேவை ஒரு குழந்தையால் நிறைவேற்றக்கூடியதாக இருக்க வேண்டும். தொலைந்த ஒரு பொருளை எடுத்துத் தருவது, சாத்தியிருக்கும் கதவைத் திறந்து விடுவது, மறந்துபோன பெயரைச் சொல்லி அழைப்பது, எதுவாகவும் இருக்கலாம். அது இருந்துவிட்டால் பேய் எவ்வளவு கொடூரமாகத் தோன்றினாலும் பரவாயில்லை, ஏனென்றால் கேட்கும் பிள்ளைக்குப் படுக்கையிலும் செய்வதற்கு ஒரு வேலை இருக்கிறது. செய்வதற்கு ஒன்றும் இல்லாத பயம்தான் தூங்க விடாது.

இதை மிகச் சிறப்பாகச் செய்த கதைகளில் ஒன்று லூசி பாஸ்டனின் ‘தி சில்ட்ரன் ஆஃப் கிரீன் நோ’. அது வெளியான 1954இல் அவருக்கு அறுபது வயது கடந்திருந்தது. அவர் 1939இல் வாங்கிக் குடியேறிய ஹெமிங்ஃபோர்டு கிரே மாளிகை பன்னிரண்டாம் நூற்றாண்டில் கட்டப்பட்டது. கதையின் வீடும் அதுதான். டோலி என்ற ஏழு வயதுச் சிறுவன் குளிர்கால வெள்ளத்தினூடே படகில் கொள்ளுப்பாட்டியின் வீட்டுக்கு வருகிறான். அந்த வீட்டில் 1665ஆம் ஆண்டின் கொள்ளைநோயில் இறந்த மூன்று குழந்தைகள் இன்னும் விளையாடிக்கொண்டிருக்கிறார்கள். அவர்கள் அச்சுறுத்துவதில்லை, ஒளிந்து விளையாடுகிறார்கள், சிரிப்புக் கேட்கிறது, உருவம் கிடைப்பதில்லை. பனி மூடிய ஒரு மரத்தின் தாழ்ந்த கிளைகளுக்கு அடியில் அவனால் அவர்களைக் காண முடிகிறது. உண்மையான அச்சம் வேறிடத்தில், தோட்டத்தில் மனித வடிவில் வெட்டி வளர்க்கப்பட்டுச் சாபம் ஏறிய ஒரு மரத்தில் இருக்கிறது. ஒவ்வோர் இரவும் கணப்பருகே பாட்டி ஒரு கதை சொல்கிறாள். இந்த அமைப்பைக் கவனியுங்கள். ஆவியையும் அச்சத்தையும் பிரித்து வேறுவேறு இடங்களில் வைத்து, இரண்டுக்கும் நடுவே திரும்பி வருவதற்கு ஒரு சூடான அறையைக் கொடுத்திருக்கிறார். அந்த அறை உறுதியாக நிற்பதால்தான் வெளியே எவ்வளவு தூரம் வேண்டுமானாலும் போக முடிகிறது. உங்கள் கதையிலும் முதல் பக்கத்திலேயே அப்படியோர் அறையைக் கட்டிவிடுங்கள்; அடுப்படி, பாட்டி, பால் காயும் மணம், எதுவானாலும் சரி. பேய் அதன் வாசற்படிவரை வரலாம். உள்ளே வருவது கதையில் ஒரே ஒரு முறைதான் நடக்க வேண்டும்.

எல்லா நாட்டிலும் குளிர்காலம்தான் பேய்க்காலம் என்று நினைத்துவிடவும் வேண்டாம். ஜப்பானில் பேய்க்கதை கோடையில் சொல்லப்படுவது. முதுகுத் தண்டு சில்லிட்டால் வெக்கை தணியும் என்று வேடிக்கையாகச் சொல்வார்கள். இருந்தும் அவர்களிடம் பனிப்பெண் இருக்கிறாள். லாஃப்காடியோ ஹெர்ன் 1904இல் ஆங்கிலத்தில் எழுதிய வடிவத்தில், பனிப்புயலில் படகுக்காரனின் குடிசையில் ஒதுங்கிய இரண்டு விறகுவெட்டிகளில் முதியவர்மேல் அவள் வெண்புகைபோன்ற மூச்சை ஊதிக் கொல்கிறாள். இளையவனை, இதை எவரிடமும் சொல்லாதே என்று விட்டுவிடுகிறாள். பல ஆண்டுகள் கழித்து, பத்துக் குழந்தைகளுக்குத் தாயான தன் மனைவியிடம் அவன் அதைச் சொல்லிவிடுகிறான், அந்தப் பனிப்பெண்தான் இந்த மனைவி. இக்கதையில் ஆறாம் வகுப்பை உலுக்குவது மூச்சு அல்ல, இறுதியில் அம்மா புகைபோக்கும் துளை வழியே வெண்மூடுபனியாய்ப் போய்விடுவதுதான். அண்மையில் வீட்டில் யாரையேனும் இழந்த பிள்ளை வகுப்பில் இருந்தால் இந்தக் கதையை ஒதுக்கிவிடுங்கள். பேயைவிடப் பிரிவு ஆழமாகப் பாயும். எந்த வயதில் எவ்வளவு என்று அட்டவணை போட என்னால் முடியாது, உங்கள் பிள்ளைகளை அறிந்தவர் நீங்கள்தான்.

கடைசியில் எல்லாம் காற்றின் வேலை, பூனையின் வேலை என்று முடித்துவிட்டால் பயம் போய்விடுமே என்று நீங்கள் எண்ணலாம். பிள்ளைகள் அதை ஏமாற்று என்றே எடுத்துக்கொள்கிறார்கள். விளக்கம் சொல்வதானால் அது பேயைவிடச் சுவையானதாக இருக்க வேண்டும். வில்மர் என்ற அமெரிக்கக் கண் மருத்துவர் 1921இல் ஒரு மருத்துவ இதழில் ஒரு குடும்பத்தின் கதையைப் பதிவு செய்தார். 1912 நவம்பரில் ஒரு பழைய வீட்டில் குடியேறிய அவர்களுக்கு இரவில் காலடி ஓசை கேட்டது, அறியாத உருவங்கள் தெரிந்தன, தலைவலி விடவில்லை, குழந்தைகள் வெளிறினார்கள், தொட்டிச் செடிகள் வாடின. கடைசியில் வீட்டைச் சூடாக்கும் உலை பழுதாகி, புகைபோக்கி வழியே போக வேண்டிய கார்பன் மோனாக்சைடு அறைகளுக்குள் பரவிக்கொண்டிருந்தது தெரியவந்தது. நிறமோ மணமோ இல்லாத அந்த வாயு, கதவும் ஜன்னலும் சாத்திக் கிடக்கும் குளிர்கால வீட்டில்தான் அதிகம் தேங்கும். பேய் வீடுகள் எல்லாவற்றுக்கும் இதுவே காரணம் என்று இழுத்துப் போகக் கூடாது. இந்த ஒரு வீட்டுக்கு இதுதான் காரணம். ஆனால் ‘செடி ஏன் வாடியது’ என்ற கேள்வியைக் கதையின் நடுவிலேயே போட்டு வைத்தால், பேயை நம்பும் பிள்ளையும் நம்பாத பிள்ளையும் ஒரே ஆர்வத்தோடு கேட்பார்கள்.

வாசிக்கும் நேரத்தைப் பற்றி ஒரு வார்த்தை. நான் பல ஆண்டுகள் கடைசிப் பாடவேளையில் வாசித்தது என் வசதிக்காக அல்ல, கால அட்டவணை அப்படி. மணி அடித்ததும் பிள்ளைகள் கதையின் உச்சத்திலிருந்து நேராகப் பேருந்துக்கு ஓடுவார்கள். முடிந்தால் மதிய உணவுக்கு முன் வாசியுங்கள். சாப்பாட்டு வேளையில் அவர்கள் கதையைத் தங்களுக்குள் மாற்றி மாற்றிச் சொல்லி, கேலி செய்து, பேய்க்குப் பட்டப்பெயரும் வைத்துவிடுவார்கள். நாம் பாதியில் விட்டதை அவர்களே முடித்துக்கொள்வார்கள். சில வாரங்கள் கடந்தும் ஒரு குழந்தைக்குத் தூக்கம் கெடுகிறது என்றால் அது கதையோடு நிற்கும் விஷயமல்ல. பெற்றோரோடு பேசி மருத்துவரிடம் அனுப்புங்கள்.

உங்கள் முதல் காட்சியில் ஒரு பிழை இருக்கிறது. அதைத் திருத்தினால் கதை இப்போது இருப்பதைவிட நன்றாக வரும். குளிர்காலத்தில் ஜன்னல் கண்ணாடி மங்குவது, அறைக்குள் இருக்கும் வெதுவெதுப்பான காற்றின் ஈரம் குளிர்ந்த கண்ணாடியில் படிவதால். அது எப்போதும் உள்பக்கத்தில்தான் படியும். வெளியே நிற்கும் பெண் எவ்வளவு நேரம் விரலை ஓட்டினாலும் அந்த ஈரத்தில் ஓர் எழுத்தும் விழாது. உங்கள் சிறுவன் காலையில் எழுந்து, முதலில் நீங்கள் நினைத்தபடியே அவள் வெளியிலிருந்து எழுதினாள் என்று நம்பட்டும். துணியை எடுத்துக்கொண்டு வெளியே போய்ப் பனியில் நின்று கண்ணாடியைத் துடைக்கட்டும். எழுத்து அழியவில்லை. ஜன்னலுக்கு வெளியே அவனுடைய காலடித் தடத்தைத் தவிர வேறு தடமும் இல்லை.